650 மார்க்குக்கு என்ன ரேட்டு?

நீட் ரிசல்ட் வந்துட்டா எங்க ஊர் டீக்கடையில மழையைப் பத்திப் பேச்சே இருக்காதுங்க. "அவன் புள்ள எத்தனை? இவன் பையன் எத்தனை?" இதேதான். 720-க்கு இத்தனைன்னு தெரிஞ்சதும், போன வருஷம் யார் எத்தனை வாங்கி எந்தக் காலேஜுல சேர்ந்தாங்கன்னு ஒப்பிட்டு, அங்கயே தீர்ப்பும் சொல்லிடுவாங்க. அந்த ஒப்பீடுதான் தப்பு.

மஞ்சள் போடறவனுக்கு இது சட்டுனு புரியணும். ஒரே காட்டு விரலி மஞ்சளைத்தான் வருஷா வருஷம் ஈரோட்டு மண்டிக்கு எடுத்துட்டுப் போறோம். தரம் அதேதான். வரத்து கூடினா ரேட்டு படுத்துக்கும், வரத்து சுருங்கினா எந்திரிக்கும். போன வருஷ ரேட்டைச் சொல்லி இந்த வருஷம் யாவாரிகிட்டப் பேச முடியுமா? நீட் மார்க்கும் அப்படித்தான். அன்னைக்குச் சந்தையில நம்ம மூட்டை வரிசையில எங்க நிக்குதுங்கறதுதான் ரேங்க். சீட் ரேங்க்குக்குத்தான், மார்க்குக்கு இல்ல.

கணக்கைப் பாருங்க. 2024-ல 650-க்கு மேல வாங்கினவங்க ஏறக்குறைய 30,000 பேர். 2025-ல அதே 650-ஐத் தாண்டினவங்க நூறு பேர்கூட இல்ல. முதல் இடத்துக்கு வந்த பையனே 686-தான். 600 மார்க்கை எடுத்துக்கிட்டா, 2024-ல அது 80,000-ஐ ஒட்டின ரேங்க். 2025-ல சுமார் 1,300. ஒரே வருஷத்துல புள்ளைங்க மக்கா ஆயிட்டாங்களா என்ன?

2024-ல பாடத்தைக் குறைச்சிருந்தாங்க. 200 கேள்வி கொடுத்து 180-க்கு மட்டும் பதில் எழுதினாப் போதும், நேரமும் மூணு மணி இருபது நிமிஷம். எழுதினவங்க 23 லட்சத்துக்கும் மேல. 2025-ல சாய்ஸை எடுத்துட்டாங்க. 180 கேள்வி, மூணே மணி நேரம். இயற்பியல் கேள்வியைப் பார்த்து நல்லாப் படிக்கற புள்ளைங்களே அழுதுட்டு வெளிய வந்ததா டீவியில காட்டினாங்க.

2024-ல இன்னொண்ணும் நடந்தது. பார்லிமெண்ட் தேர்தல் ரிசல்ட் வந்த அதே ஜூன் 4-ஆம் தேதி ராத்திரி நீட் ரிசல்ட்டும் வந்தது. 67 பேருக்கு 720. சில பேருக்கு 718, 719. சரியான பதிலுக்கு 4 மார்க், தப்புக்கு 1 மார்க் கழிவு. ஒரு கேள்வியை விட்டா 716, ஒண்ணைத் தப்பா எழுதினா 715. அப்ப 719 எங்கிருந்து வரும்? பள்ளிக்கூடக் கணக்கு தெரிஞ்ச யாரும் கேக்கற கேள்விதான் இது. நேரம் வீணானதுன்னு 1,563 பேருக்குக் கருணை மார்க் போட்டது அப்புறம்தான் வெளிய வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி, அந்த மார்க்கை எடுத்தாங்க. ரெண்டு பதிலுக்கு மார்க் கொடுத்திருந்த ஒரு இயற்பியல் கேள்வியையும் திருத்தினாங்க. 67 பேர் 17 ஆனாங்க.

நீட் வேணுமா வேண்டாமாங்கற சண்டைக்கு நான் இங்க வரல. அது தனிப் பேச்சு.

நம்ம சனங்க இப்படி ஒப்பிடறதுக்கும் காரணம் இருக்குங்க. நீட் வர்றதுக்கு முன்ன பத்து வருஷம் இங்க ப்ளஸ் டூ மார்க்கிலதான் டாக்டர் சீட். உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். அது வருஷத்துக்கு வருஷம் அரை மார்க், ஒரு மார்க்குன்னுதான் நகரும். போன வருஷக் கட்-ஆஃபை வெச்சு இந்த வருஷம் கிட்டத்தட்டச் சொல்லிடலாம். அந்தப் பழக்கம் இன்னும் போகல.

போகாததால வந்த வினை ஒண்ணு சொல்றேன். பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளையோட மகளுக்கு 2025-ல 515 மார்க். அவங்க பெரியப்பா பையன் 2024-ல 590 வாங்கியும் அரசுக் கல்லூரி கிடைக்கல. "அவனுக்கே இல்ல, உனக்கு எங்க கெடைக்கும்?"னு கவுன்சலிங்குக்கே விண்ணப்பம் போட வேண்டாம்னுட்டார். மறுபடி ஒரு வருஷம் கோச்சிங் அனுப்பறதுக்கு ரெண்டு எருமையை விக்கப் பேசி முடிச்சாச்சு. அந்தப் புள்ள மூணு நாளாச் சரியாச் சோறு திங்கல.

நான் போயி, "மாப்பிள்ள, மார்க்கை விடுங்க, ரேங்க் எத்தனை?"ன்னேன். கடுதாசியை எடுத்துட்டு வந்தா. முப்பதாயிரத்துச் சொச்சம். பெரியப்பா பையனுக்குப் போன் போட்டுக் கேட்டா, அவனுது தொண்ணூறாயிரத்துக்கும் மேல. எழுவத்தஞ்சு மார்க் கம்மியா வாங்கின புள்ள, வரிசையில அறுபதாயிரம் பேருக்கு முன்னால நிக்குது. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "கடைசித் தேதி என்னைக்கு கண்ணு?"ன்னு மகளைக் கேட்டார். ரெண்டு நாள்தான் பாக்கி. அன்னைக்கே விண்ணப்பம் போட்டாங்க. ரெண்டாவது சுத்துல சீட் கிடைச்சுது. எருமை ரெண்டும் இன்னும் அவர் பட்டியிலதான் கட்டியிருக்கு.

இதுக்கு நேரெதிரான ஏமாத்தமும் உண்டு. 'தகுதி பெற்றார்'னு வந்தாலே டாக்டர் ஆயாச்சுன்னு வெடி போடறாங்க. எழுதினவங்களை மார்க் வாரியா வரிசையில நிறுத்தினா, நடுவுல நிக்கறவர் வாங்கின மார்க்தான் பொதுப்பிரிவுத் தகுதி மார்க். 2022-ல 117, 2023-ல 137, 2024-ல 162, 2025-ல 144. இப்படி ஏறி இறங்கறதும் கேள்வித்தாளைப் பொறுத்துத்தான். தகுதி பெறறவங்க 12 லட்சம் பேருக்கு மேல. நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். சீட் அரசு, தனியார் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துச் சொச்சம்தான். நம்ம மாநில ஒதுக்கீட்டு இடத்துக்குத் தமிழ்நாட்டு ரேங்க், சாதிப் பிரிவு, அரசுப் பள்ளிப் புள்ளைங்களோட 7.5 சதவீதப் பட்டியல் எல்லாத்தையும் பாக்கணும்.

போன வாரம் உரம் வாங்க டவுனுக்குப் போனப்ப ஒரு கோச்சிங் சென்டர் போர்டைப் பார்த்தேன். '650-க்கு மேல் எங்கள் மாணவர்கள்'னு ஆள் உயரத்துக்கு எழுத்து, கீழ வரிசையா போட்டோ. எந்த வருஷம்னு போட்டிருக்கான்னு வண்டியை நிறுத்தித் தேடினேன். மூலையில பொடி எழுத்துல இருந்தது. 2024.