சாட்சி சொன்ன வைத்தியர்

ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸின் முதல் தொகுதியைப் புரட்டினால், செடிகொடிகளுக்கு முன்பாக ஒரு வைத்தியரின் வாக்குமூலம் வந்து நிற்கிறது. 1675 ஏப்ரல் 20 தேதியிட்டது. கோலெழுத்தில் எழுதிய மலையாளத்தை அப்படியே அச்சில் ஏற்றியிருக்கிறார்கள். எழுதியவர் இட்டி அச்சுதன், சேர்த்தலைக்குப் பக்கத்துக் கடக்கரப்பள்ளிக்காரர். கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தளபதியாயிருந்த வான் ரீடு முன்னின்று தொகுத்த இந்த லத்தீன் நூல், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்கள் அதில் உண்டு. எனக்கோ அந்த முதல் பக்கங்களைத் தாண்டிப் போகவே மனம் வருவதில்லை.

வாக்குமூலம் இப்படிப் போகிறது: தளபதி அழைத்ததால் கோட்டைக்கு வந்தேன். மரம், கொடி, செடி, பூ, காய், விதை ஆகியவற்றின் பெயரையும் குணத்தையும் எங்கள் ஏட்டில் உள்ளபடியும், நானே பழகி அறிந்தபடியும், துபாஷி இம்மானுவேல் கார்னெய்ரோவிடம் சொன்னேன். இதில் யாரும் ஐயப்பட வேண்டாம். இட்டி அச்சுதன் சொல்வதன் சாரம் இவ்வளவுதான். ஏட்டில் உள்ளது முன்னோர் தந்தது. பழகி அறிந்தது அவருடைய சொந்த உழைப்பு. இரண்டையும் சேர்த்தே தன் சொல்லுக்குப் பொறுப்பேற்கிறார். வைத்தியம் தெரிந்தவரின் பேச்சு அது.

அதே தொகுதியில் ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற கொங்கணி வைத்தியர் மூவரும் நாகரி எழுத்தில் தங்கள் சாட்சியைத் தந்திருக்கிறார்கள். அவர்கள் பிராமணர்கள், இட்டி அச்சுதன் ஈழவர். ஊரில் ஒருவர் அருகில் மற்றவர் வர முடியாத காலம். செடியின் முன்னால் நால்வர் சொல்லுக்கும் ஒரே மதிப்பு. வைத்தியர்கள் கருத்து மாறுபட்டபோதும் ஒருவரையொருவர் மதித்தே வாதாடினார்கள் என்று ரீடு முன்னுரையில் வியந்திருக்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிமிர்வு வருகிறது.

படங்களில் முதலாவது தென்னை. பாளை, குரும்பை, இளநீர், பிளந்த தேங்காய் என்று பகுதி பகுதியாக விரிகிறது. பக்கத்திலேயே பெயர் ரோமன், மலையாளம், அரபி, நாகரி எழுத்துகளில். பிற்காலத்தில் லின்னேயஸ் மலபார்ச் செடிகளை அறிந்ததும் இந்த நூலின் வழியாகத்தான். பேராசிரியர் கா. சு. மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்து அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது.

செடியறிவைச் சொன்னவர்கள் என்றதும், அகத்தியமலைக் காணிக்காரப் பழங்குடியினரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1987-இல் மலையேறிய ஆய்வாளர்கள் களைத்து நிற்க, வழிகாட்டிய காணிக்காரர்கள் ஏதோ பழத்தைத் தின்று சோர்வின்றி நடந்தார்கள். கேட்டதற்கு உடனே சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாத சங்கதி அது. பிறகு காட்டிக்கொடுத்த செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து பிறந்தது. உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று பாலோட்டுத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஏற்பாடு செய்தது. பணத்தைப் பங்கிட்டதில் சிக்கல்கள் இருந்தன. ஆனாலும் சொன்னவருக்குப் பங்கு உண்டு என்பது அன்றைக்குப் பெரிய விஷயம்.

தாவரத்தையும் மனிதரையும் சேர்த்துப் படிக்கும் இந்தத் துறையில் செடிக்குத் தரும் இடத்தைச் சொன்னவருக்கும் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். "பழங்குடியினர் பயன்படுத்துகிறார்கள்" என்ற ஒற்றை வரியில் எத்தனை ஆட்கள் காணாமல் போயிருக்கிறார்கள்! 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். உங்கள் ஊரில் அதை எழுத வருபவரிடம் பச்சிலை அறிந்த பாட்டியின் பெயரை, அவர் சம்மதித்தால், முழுசாக எழுதச் சொல்லுங்கள். 1678-இல் முடிந்தது இன்றைக்கு முடியாதா?