தாமிரம் போனது, பந்து தங்கியது

கோப்பை தூக்கும் அணிகளைவிட, கீழ்ப்பிரிவுகளில் தள்ளாடும் அணிகளின் பூர்வீகத்தைத் துருவுவதில்தான் எனக்கு ருசி. அப்படித் துருவும்போது அகப்பட்டதுதான் ரெக்ரியாத்திவோ தெ உவெல்வா. பார்சிலோனா பிறந்தது 1899இல், ரியல் மாட்ரிட் 1902இல். இதுவோ 1889ஆம் ஆண்டுக் குழந்தை. ஸ்பெயினில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் கால்பந்துக் கிளப்புகளில் இதுவே மூத்தது.

தென்மேற்குக் கோடியில் உவெல்வா என்ற துறைமுகம். அதற்கு வடக்கே, செந்நீர் ஓடும் தின்டோ ஆற்றங்கரையில் தாமிரச் சுரங்கங்கள். 1873இல் ஸ்பானிய அரசு அவற்றை விற்றது. வாங்கியவர்கள் லண்டனில் ரியோ தின்டோ கம்பெனியை நிறுவினார்கள். பொறியாளர், கணக்கர், மருத்துவர் என்று பிரிட்டிஷ்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களோடு கிரிக்கெட்டும் டென்னிஸும் கால்பந்தும் வந்தன. 1889 டிசம்பர் 23 அன்று உவெல்வாவின் கொலோன் ஹோட்டலில் கூடி, 'உவெல்வா ரெக்ரியேஷன் கிளப்' தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் கம்பெனியின் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் அலெக்சாண்டர் மெக்கே.

கிளப் வரலாறுகள் பெரும்பாலும் இந்த இனிய கூட்டத்திலிருந்தே தொடங்கும். நான் கொஞ்சம் பின்னே போய்ப் பார்க்கிறேன். கம்பெனி, தாதுவைத் திறந்தவெளியில் குவித்து மாதக்கணக்கில் எரித்தது. கந்தகப் புகையில் பயிர் கருகியது. புகை மூடி வேலை நின்றால் கூலியும் குறைந்தது. 1888 பிப்ரவரி 4 அன்று தொழிலாளிகளும் விவசாயிகளும் திரண்டு வந்தபோது ராணுவம் சுட்டது. செத்தவர் எத்தனை பேர் என்பது இன்றும் தீராத வழக்கு. கம்பெனி மருத்துவத்துக்கென்று கூலியில் பிடித்த ஒரு பெசெட்டாவை நிறுத்த வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அதன்பின் இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, அதே கம்பெனியின் மருத்துவர் கால்பந்துக்குக் கிளப் தொடங்குகிறார். மெக்கேயைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவரை உவெல்வா இன்றும் மதிக்கிறது. ஆனால் அன்று அது ஊராரின் கிளப் அல்ல, ஊருக்குள் இருந்த துரைமாரின் கிளப்.

1890 மார்ச் 8 அன்று செவில்லா நகரின் தப்லாதா குதிரைப் பந்தய மைதானத்தில் செவில்லா அணியோடு ஆடி 2-0 என்று தோற்றது. அன்று இரு பக்கமும் ஆடியவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர்களே. உள்ளூர்ப் பையன்கள் மெல்ல மெல்லத்தான் உள்ளே வந்தார்கள், பெயரும் ஸ்பானியமானது. 1954இல் சுரங்கமும் ஸ்பானியர் கைக்கு மாறியது. துரைமார் கிளம்பினார்கள். கிளப்பை மட்டும் யாரும் மூட்டை கட்டவில்லை.

பிறகு கடன் கழுத்தை நெரித்தது. இழுத்து மூட வேண்டிய நிலை வந்தபோது, 2016இல் நகரசபை கிளப்பின் பெரும்பங்கைக் கையகப்படுத்திக் காப்பாற்றியது. ஒருகாலத்தில் கம்பெனிக்காரர்கள் பொழுதுபோக்கத் தொடங்கியதை, ஊர் தன் பொதுச்சொத்து என்று உரிமை கொண்டாடியது. மூத்த கிளப் என்ற பெருமைக்கு 1889ஐச் சொல்லிக்கொள்ளட்டும். என்னைக் கேட்டால், பக்கத்திலேயே 2016ஐயும் பொறிக்கலாம்.