அகன்ற சில்லும் பழைய அச்சும்

2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நாம் இங்கிலாந்து சென்று, கொவென்றி நகரில் வாழும் எமது தமையனார் இல்லத்தில் மூன்று வாரம் தங்கினோம். 2005 இல் அவர் ஊர் வந்து போன பின்னர் அதுவே முதற் சந்திப்பு. விமான நிலையத்தில் எம்மைத் தழுவிக் கண்கலங்கியவர், வீட்டுப் படியேறும்போது தாழ்ந்த குரலில், "தம்பி, உன் பெறாமகனோடு நான் ஒரு மாதமாய்ப் பேசுவதில்லை. அதை நீ பெரிதாக எடுக்காதே" என்றார். ஒரே மகனோடு பேசாத தகப்பன் வீட்டில், அதைப் பெரிதாக எடாதிருப்பது எங்ஙனம்?

காரணம் அவர் வீட்டுக் கராச்சில் நின்றது. சிவப்பு நிறம், இருவர் மாத்திரமே இருக்கக்கூடிய சிறிய ஓட்டப் பந்தயத் தோற்றம், பெயர் ட்ரயம்ப் ஸ்பிட்பயர். இத்தாலியரான மிக்கெலொற்றி என்பவர் உருவம் வரைய, அந்தக் கொவென்றி நகரத்துக் கான்லித் தொழிற்சாலையிலேயே 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட இனம் அது. எமது தமையனாருடையது 1969 ஆம் ஆண்டுக் கார். பெறாமகனுக்குப் பத்து வயதாயிருக்கையில் துருப்பிடித்த கூடாக வாங்கி, தந்தையும் மகனுமாய்ப் பத்து வருடம் ஞாயிறு தவறாது உழைத்து அதற்கு உயிர் கொடுத்திருந்தனர்.

உயிர் வந்ததும் பிணக்கும் வந்தது. பெறாமகன் தந்தையைக் கேளாமல் நான்கு அகன்ற ரயர்களை வாங்கிவிட்டான். இக்காரின் பழைய ரயர் 5.20 அங்குலம், அதாவது ஏறக்குறைய 132 மில்லிமீற்றர் அகலம். அவன் வாங்கியவையோ 185 மில்லிமீற்றர். அவற்றைப் பூட்டினால் பின்சில்லு மூடியின் உள்ளோரத்தில் உரசும். ஆதலால் அவ்வோரத்தை மடித்துத் தட்டுவதென்றும் தீர்மானித்திருந்தான். தமையனாரோ, "தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படியிருந்ததோ அப்படியே இருக்கவேண்டும், ஒரு சுரைதானும் மாறக்கூடாது" என்று நின்றார்.

"சித்தப்பா, அகன்ற ரயர் தெருவை நன்றாகப் பிடிக்கும். பிடித்தால் ஆபத்துக் குறையுமல்லவா? நீங்கள் பௌதிகம் படிப்பிப்பவர்; நீங்களே சொல்லுங்கள்" என்றான் அவன். "அவனுக்கு நீயாவது புத்தி சொல்லு" என்றார் தமையனார், அவன் காதில் விழும்படியாகவே. இருபது வருடமாக மாணவர்க்குப் பரீட்சை வைத்த எமக்கு, அன்று பரீட்சை வந்தது.

விடை சொல்லுமுன், மின்சூளைக் கையிற் பிடித்து நாம் காரின் கீழே படுத்துப் பார்த்தோம். பின்புறத்தின் நடுவே பற்சில்லுப் பெட்டி. அதன் இரு பக்கமும் இரண்டு அரை அச்சுகள். ஒவ்வோர் அரை அச்சும் உள்முனையில் மாத்திரமே மூட்டுப் பெற்று மேலும் கீழும் மடங்கும். வெளிமுனையிலே சில்லு அச்சுக்குச் செங்கோணமாய் நிலைத்து நிற்கும். உருக்குத் தகடுகளை அடுக்கிச் செய்த ஒரே வில்லு, பெட்டியின் முதுகில் இறுகப் பூட்டப்பட்டு, இரு சில்லுகளையும் குறுக்கே தாங்கி நிற்கிறது. எளிமையான அமைப்பு, மலிவானது. எனினும் அதற்கு ஒரு குணமுண்டு. காரின் பின்புறம் மேலெழுந்தால், குந்தியிருந்து எழும்புபவன் பாதங்களை உள்ளே இழுப்பதுபோல, சில்லுகளின் அடிகள் உள்நோக்கி ஒடுங்கும்.

அன்றிரவு குசினி மேசையில் வெறும் தேயிலைப் பெட்டியொன்றையும், இரண்டு பென்சில்களையும், இரண்டு ஜாம் போத்தல் மூடிகளையும் வைத்து அவ்வமைப்பைப் போன்றதொன்று செய்தோம். பென்சிலின் உள்முனையைத் துணிப்பட்டையால் பெட்டியோடு ஒட்டினோம். வெளிமுனையில் மூடியை அசையாமல் இறுக்கினோம். வழுவழுப்பான மேசையிலே பக்கவாட்டில் தள்ளினால் பெட்டி பேசாமல் வழுக்கிச் சென்றது. பின்னர் கராச்சிலிருந்து உப்புத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து விரித்து, அதன்மேல் அவ்வாறே தள்ளும்படி பெறாமகனிடம் சொன்னோம். தள்ளினான். வெளிப்பக்க மூடி தாளைப் பற்றிக்கொண்டது, பெட்டி எழும்பியது, மூடி அடியிலே மடிந்தது, பெட்டி குப்புற விழுந்தது.

அவன் மூன்று முறை தள்ளிப் பார்த்தான். பிறகு, "பிடி கூடினபடியால்தான் விழுந்தது" என்று மெல்லச் சொன்னான்.

உண்மை அதுவே. வளைவிலே ஓடும் காரின் வெளிப்புறச் சில்லைத் தெரு உட்பக்கம் தள்ளுகிறது. அத்தள்ளல் தரைமட்டத்திலும், அச்சின் மூட்டு அதற்கு மேலேயும் இருப்பதனால், அது காரின் பின்புறத்தை உயர்த்தப் பார்க்கிறது. பிடி கூடக் கூட அத்தூக்கலும் கூடும். அவ்வேளை பயந்து வேகமிதியிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னே சாய, பின்புறம் இன்னும் எழும்பும். மடிந்த சில்லில் அகன்ற ரயர் பூட்டியிருந்தாலும், தெருவைத் தொடுவது அதன் ஓரம் மாத்திரமே. பூட்டிய இடத்தைத் திருத்தாமல் பிடியை மட்டும் கூட்டுவது பாதுகாப்பாகாது.

தமையனார் வாசற்படியில் நின்று இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தாம் வென்றதாக அவர் முகம் மலர்ந்தது. நாம் அவரை விடவில்லை.

"அண்ணா, தொழிற்சாலை செய்தபடியே என்கிறீர்கள். எந்த ஆண்டிலே செய்தபடி?" என்று கேட்டோம். ஏனெனில் 1970 ஆம் ஆண்டில் வந்த நான்காம் வகையிலே, அந்தத் தொழிற்சாலையாரே இவ்வமைப்பை மாற்றினர். வில்லின் பெரும்பாலான தகடுகளை இறுகப் பூட்டாமல், நடுவிலே ஊஞ்சல்போற் சாய விட்டார்கள். அதனால் வளைவிலே பின்புறம் எழும்பும் இயல்பு தணிந்தது. பின்வில்லு அவ்வாறு விட்டுக்கொடுத்ததை ஈடுசெய்ய, உடற்சாய்வைத் தடுக்கும் முன்புற உருக்குக் கம்பியைத் தடிப்பாக்கினர். 1973 இல் அரை அச்சுகளையும் நீட்டிப் பின்சில்லுகளின் இடைவெளியை இரண்டு அங்குலம் கூட்டினர். பிள்ளையைப் பெற்றவர்களே அதனைத் திருத்தியிருக்க, வளர்க்க எடுத்தவர் திருத்தக்கூடாதென்பது என்ன நியாயம்?

அவர் நெடுநேரம் பேசவில்லை. "அப்பாவின் ஒஸ்ரின் கார் நினைவிருக்கிறதா?" என்று நாம் மீண்டும் கேட்டோம். 1990 ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்ட காலம் அது. ஊர்க் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலே பெற்றோல் வைத்துச் சில துளி ஊற்றி இயந்திரத்தைத் தொடக்குவது தமையனாரின் வேலை. விளக்குப் பிடிப்பது எமது வேலை. மண்ணெண்ணெய் முற்றாக எரியாமல் இயந்திர எண்ணெயிற் கலந்து அதை நீர்க்கச் செய்யும் என்று அறிந்து, அப்பா அவ்வெண்ணெயை அடிக்கடி மாற்றுவார். கரிபிடித்த தீப்பொறிச் செருகிகளை வாரந்தோறும் துடைப்பார். ஒன்றை மாற்றினால் அதனோடு தொடுத்த யாவற்றையும் பார்க்கவேண்டும் என்பது அவர் வழக்கம். மாற்றவே கூடாதென்று அவர் சொல்லியிருந்தால் அந்தக் கார் அன்றே நின்றிருக்கும்.

"விளக்கை நீ ஒருநாளும் நேராகப் பிடித்ததில்லை" என்றார் தமையனார். பெறாமகன் சிரித்துவிட்டான். ஒரு மாதத்தின் பின் அவ்வீட்டில் ஒரே மேசையிலே மூவரும் தேநீர் அருந்தினோம்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் வேலை நடந்தது. ஆசனங்களின் பின்னேயுள்ள மூடியைக் கழற்றி, விறைத்து நிற்கும் வில்லு துள்ளிவிடாதபடி அடியில் ஜாக்கி கொடுத்து, பழையதை இறக்கி ஊஞ்சல் வில்லை ஏற்றினோம். முன்புறத்துக்குத் தடித்த கம்பி பூட்டினோம். நீண்ட அச்சையும் போடலாமா என்று அவன் கேட்டான். அளந்து பார்த்ததில், சில்லு ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் வெளியே வரும். அகன்ற ரயரும் நீண்ட அச்சும் ஒருங்கே அந்த மூடிக்குள் அடங்கா எனக் கண்டு விட்டுவிட்டோம். 185 ரயர்களை அவனே விற்று 165 வாங்கினான். மூடியின் ஓரத்தைத் தட்டவேண்டியிருக்கவில்லை. செய்த மாற்றம் யாவும் காப்புறுதிக்காரருக்கு எழுதி அறிவிக்கப்பட்டது. கழற்றிய பழைய வில்லுக்கு எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, தமையனார் கராச்சின் மூலையிலே பத்திரப்படுத்தினார்.

முதல் ஓட்டத்துக்கு எம்மை ஏறச் சொன்னார்கள். இருவர் மாத்திரம் இருக்கும் கார். நாம் மறுத்துத் தமையனாரை ஏற்றினோம். மகன் ஓட்ட, தகப்பன் பக்கத்திலிருந்து கதவை இறுகப் பற்றியபடி போனார். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பியபோது அவர் கை கதவில் இல்லை, மடியிலே கிடந்தது.

"வளைவுகளிலே எப்படி?" என்று கேட்டோம்.

"நன்றாகத்தான் ஓட்டுகிறான்" என்றார்.