ஊசி உதிர்க்கும் மரம்

"பாட்டி, இந்த மரமெல்லாம் பட்டுப் போச்சா?"

மலையேறி மூச்சு வாங்க நின்ற என்னிடம் பேத்தி கேட்டாள். ஊசியிலை மரம் என்றால் வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் என்றுதான் அவள் படித்திருக்கிறாள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பைன் மரங்களைப் பார்த்துப் பழகிய எனக்கும் அதுதான் தெரியும். ஒரு பைன் மரம் மொத்தமாக மஞ்சளானால் அதற்கு ஆயுசு முடிந்தது. ஆனால் எங்கள் எதிரே ஒரு பள்ளத்தாக்கே பொன் மஞ்சளாக நின்றது.

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில், மொரெய்ன் ஏரிக்கு மேலே இருக்கிறது இந்த லார்ச் பள்ளத்தாக்கு. அந்த மஞ்சள் மரங்களின் பெயர்தான் லார்ச். நாங்கள் போனது செப்டம்பர் கடைசி வாரம். 2023 முதல் அந்த ஏரிக்குச் சொந்தக் காரில் போக முடியாது என்பதால் பேருந்தில் போய் இறங்கினோம். ஏரியே ஏறத்தாழ 1,880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் நான்கு கிலோமீட்டருக்கு மேல் நடை. கிரிஸ்லி கரடி நடமாடும் சமயங்களில் நாலு பேராவது சேர்ந்து போகவேண்டும் என்பார்கள். மகள், மருமகன், பேத்தி, நான் என்று கணக்குச் சரியாக இருந்தது. ஸ்ப்ரூஸ், ஃபர் மரங்களின் இருண்ட பச்சைக்குள் ஏறிக்கொண்டே இருந்தவர்களுக்குத் திடீரென்று வெளிச்சம்.

தாழ்ந்திருந்த ஒரு கிளையைப் பேத்தியிடம் காட்டினேன். தயங்கித் தொட்டவள், "குத்தவே இல்லையே!" என்றாள். பைன் ஊசி விறைப்பானது. இதுவோ இளம் புல்லைப்போல மெத்தென்று இருந்தது. கிளை நெடுகச் சின்னச் சின்ன முண்டுகள். ஒவ்வொரு முண்டிலிருந்தும் முப்பது, நாற்பது ஊசிகள், மத்தாப்பூ சிதறுவதுபோல நாலாபக்கமும் விரிந்திருந்தன. இளங்கிளைகளில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல மெல்லிய ரோமம். உயரமலை லார்ச்சுக்கு அது ஓர் அடையாளம்.

ஏன் மஞ்சளாகிறது? பனிக்காலத்தில் மண் உறைந்துபோகும், வேருக்குத் தண்ணீர் கிடைக்காது. மலைக்காற்றோ வீசிக்கொண்டே இருக்கும். கொடியில் போட்ட துணி காய்வதுபோல இலையின் ஈரம் போய்விடும். பைன் ஊசிக்குத் தடித்த மெழுகுத்தோல் இருக்கிறது, தாங்கிக்கொள்கிறது. லார்ச்சுக்கு அப்படித் தடித்த தோல் இல்லை. அதனால் ஊசிகளையே உதிர்த்துவிடுகிறது. அதையும் வீணாக்கிச் செய்வதில்லை. ஊசிக்குள் இருக்கும் தழைச்சத்தை முதலில் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. வீடு காலி செய்கிறவர்கள் பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு வெறும் சுவரை விட்டுப்போகிற மாதிரிதான்.

ஊசி இல்லாத கிளையில் பனியும் அவ்வளவாகத் தங்காது. மற்ற மரங்கள் நின்றுவிடுகிற உயரத்திலும் லார்ச் தைரியமாக நிற்பது இதனால்தான். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று: இளங்கன்றுகள் மட்டும் சில ஊசிகளைப் பனிக்காலத்திலும் பச்சையாகவே வைத்திருக்குமாம்.

பாதையோரம் பேத்தியின் இடுப்பளவு ஒரு கன்று நின்றது. "இது உன்னைவிட மூத்தது" என்றேன். அவள் நம்பவில்லை. இந்த உயரத்தில் மரம் அவ்வளவு மெதுவாக வளர்கிறது. 500 வயதைத் தாண்டியவை பல உண்டு.

ஒரு காற்று வந்தது. அவள் தொப்பியெல்லாம் பொன்னூசி. உதற மாட்டேன் என்று அப்படியே இறங்கி வந்தாள்.

நம் நாட்டிலும் லார்ச் இருக்கிறது, குழந்தைகளே. சிக்கிமின் உயர்ந்த மலைகளில் இமாலய லார்ச் வளர்கிறது. பனிக்காலத்தில் அங்கே போனால், மொட்டையாக நிற்கும் ஊசியிலை மரத்தைப் பட்டமரம் என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டே போய்க் கிளையைப் பாருங்கள், முண்டுகள் இருக்கும்.