எண் போய்ப் பெயர் வந்தது!

நம் வீட்டுக் கல்சட்டி எந்தக் கல்லில் ஆனது? மாக்கல்லில் அல்லவா? கனடாவின் வடகோடிப் பனிப் பிரதேசத்தில் வாழும் இனூயிட் மக்களும் அதே கல்லில்தான் அந்நாளில் சமையல் பாத்திரமும், சீல் கொழுப்பு எரியும் விளக்கும் குடைந்தார்கள்!

வாருங்கள், பாஃபின் தீவை ஒட்டிய கின்கைட் கிராமத்துக்குப் போவோம். மரமே இல்லாத சீமை. கோடையில் படகேறிப் போய்ப் பச்சை நிறக் கல் வெட்டி வருகிறார்கள். மாக்கல்லுக்கு உறவுதான், சற்றே கடினம். கல்தூள் நெஞ்சைக் கெடுக்குமே என்று, குளிரானாலும் வெட்டவெளியில்தான் வேலை. கோடரியும் அரமும் பிடித்த கைகள் இன்று மின்சாரச் சாணையைப் பிடிக்கின்றன. ஒற்றைக் காலில் ஆடும் கரடி கல்லிலிருந்து பிறக்கிறது!

1949-ல் மாண்ட்ரீல் நகரில் விற்பனைக்கு வைத்த இனூயிட் சிற்பங்கள் மூன்றே நாளில் தீர்ந்து போயின. ஆனால் அக்காலத்துச் சிற்பத்தைப் புரட்டிப் பார்த்தால், பல சமயம் அடியில் பெயர் இராது. ஓர் எண்தான் இருக்கும். குடும்பப் பெயர் வழக்கமில்லாத அம்மக்களுக்கு 1940-களில் சர்க்கார் வில்லையில் பொறித்துக் கொடுத்த எண் அது!

1970-களில் அந்த ஏற்பாடு ஒழிந்தது. கேப் டார்ஸெட் என்று வழங்கிய ஊரும் 2020-ல் கின்கைட் என்ற சொந்தப் பெயரை மீட்டுக்கொண்டது. இன்று வேலை முடிந்ததும் சிற்பி கல்லைத் திருப்பித் தம் பெயரை வெட்டுகிறார். கடைசிக் கீறல் அதுதான்.