மூன்றாவது பெயர்

ஜாஸ் இசையின் வரலாற்றை எழுதுவோர் 'லம்பேர்ட், ஹென்றிக்ஸ் அன்ட் ரோஸ்' என்ற மூவர் குழுவைக் குறிப்பிடாமல் கடந்து செல்வதில்லை. அதே குழு 1962 முதல் 1964 வரை 'லம்பேர்ட், ஹென்றிக்ஸ் அன்ட் பவான்' என்ற பெயரில் இயங்கியது என்பதை மட்டும் பெரும்பாலும் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போன யொலாண்ட் பவான் கொழும்பில் பிறந்தவர். பெயரின் ஓசையைக் கேட்டு நம்மவரோ என வாசகர்கள் எண்ணக்கூடும். அவர் பிறந்த குடும்பத்தின் பெயர் வூல்ஃப். பாடகியாகவும் நடிகையாகவும் பல தசாப்தங்கள் இயங்கிய இவரைப் பற்றி இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் எதிலும் ஒரு பத்தியைத்தானும் நான் வாசித்ததில்லை.

அவர் பாடிய இசைமுறையைப் பற்றி முதலில் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். வோக்கலீஸ் என்று அதனை அழைப்பர். புகழ்பெற்ற வாத்தியக் கலைஞர் ஒருவர் இசைத்தட்டில் மனோதர்மமாக வாசித்திருப்பதை ஸ்வரம் தவறாமல் பின்தொடர்ந்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் அசை என்ற கணக்கில் பொருளுள்ள சொற்களைப் பொருத்திப் பாடுவது. நமது கொன்னக்கோல் தாளவாத்தியத்தின் சொற்கட்டுகளைக் குரலுக்குக் கொண்டு வருகிறது. வோக்கலீஸில் ட்ரம்பெற்றும் சக்ஸபோனும் குரலாகி, கதையும் சொல்கின்றன. ட்ரம்பெற் ஏறும் உச்சஸ்தாயிக்குக் குரல் ஏற வேண்டும். அதன் வேகத்துக்கு நாக்கு புரள வேண்டும். மூச்சு விடுவதற்கு இடமிருக்காது.

டேவ் லம்பேர்ட், ஜோன் ஹென்றிக்ஸ், அனி ரோஸ் ஆகிய மூவரும் 1957இல் கவுன்ட் பேசி இசைக்குழுவின் உருப்படிகளை இவ்வாறு ஒலிப்பதிவு செய்தனர். முதலில் கூலிக்கு அமர்த்திய பாடகர் குழுவால் அந்த நடையைப் பிடிக்க முடியவில்லை. எனவே மூவருமே தமது குரல்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்து ஒரு முழு வாத்தியக் குழுவை உருவாக்கினார்கள். ஹென்றிக்ஸ் சொற்களை எழுதினார். உச்சஸ்தாயி ட்ரம்பெற் பகுதிகள் அனி ரோஸின் தொண்டைக்கென்றே அமைந்தன. 1962இல் அவர்களுக்கு கிராமி விருதும் கிடைத்தது.

அதே 1962இல் அனி ரோஸ் உடல்நலம் குன்றிக் குழுவை விட்டு விலகினார். குழுவின் நிகழ்ச்சிகளோ ஏற்கெனவே ஒப்பந்தமாகியிருந்தன. அழைப்பு பவானுக்குப் போனது. 1950களில் அவுஸ்திரேலிய ஜாஸ் கலைஞர் கிரேம் பெல்லின் குழுவுடன் அவுஸ்திரேலியாவிலும் ஆசிய நாடுகளிலும் சுற்றிப் பாடியவர் அவர். பின்னர் லண்டனில் வாழ்ந்து வந்தார். மிகக் குறுகிய அவகாசத்தில் அந்தச் சொற்கள் அனைத்தையும் மனனம் செய்து, சேலையணிந்து அமெரிக்க மேடையில் நின்றார். 1963இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் கோல்மன் ஹோக்கின்ஸ் சக்ஸபோனும் கிளார்க் டெரி ட்ரம்பெற்றும் வாசிக்க, இம்மூவரும் பாடியது இசைத்தட்டாக வெளிவந்தது. பேசின் ஸ்ட்ரீட் ஈஸ்ட், வில்லேஜ் கேட் ஆகிய நியூயோர்க் அரங்குகளில் பதிவான இரண்டும் சேர்ந்து மொத்தம் மூன்று தட்டுகள். மூன்றுமே சபையினர் முன்னிலையில் பதிவானவை. ஒலிப்பதிவுக் கூடத்தில் திரும்பத் திரும்பப் பாடித் திருத்தும் வசதி அவருக்கு வாய்க்கவில்லை.

ரோஸின் கூர்மை பவானிடம் இல்லை என்பது விமர்சகர்களிடையே பரவலாக உள்ள அபிப்பிராயம். அந்தத் தீர்ப்பு செவியால் மட்டும் வழங்கப்பட்டதென்று நான் நம்பவில்லை. பதிலாளாக வருபவரை உலகம் எவ்வாறு கேட்கும், எவ்வாறு வாசிக்கும் என்பது எனக்குச் சிறிது தெரியும்.

1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் அச்சுத்தாள் கிடையாமல் பாடசாலைக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட காலத்தை வாசகர்களில் பலர் அறிவர். அப்போது நான் உதவி ஆசிரியன். எங்கள் பத்திரிகையில் வாராந்தப் பத்தி எழுதி வந்த மூத்தவர் ஒருவர் திடீரென்று நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் போய்விட்டது வெளியே தெரியாதிருப்பது அவரது குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்று கருதினார்கள். அதே புனைபெயரில், அதே நடையில் தொடர்ந்து எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. அவருடைய பழைய பத்திகளை இரவிரவாகக் குப்பி விளக்கில் வைத்துப் படித்தேன். அவர் எங்கே நிறுத்துவார், எங்கே பழமொழி போடுவார், எங்கே கோபப்படுவார் என்றெல்லாம் கணக்கெடுத்தேன். ஏறத்தாழ இரண்டு வருடங்கள் எழுதினேன். நன்றாக இருந்த கிழமைகளில் பாராட்டு அவருக்குப் போனது. சோர்ந்த கிழமைகளில் "ஐயாவுக்கு வயது போகிறது" என்று கடிதம் வந்தது. அவரிடத்தில் இன்னொருவர் எழுதுகிறார் என்று அறிந்திருந்த ஓரிருவருக்கோ எந்தக் கிழமையும் பிடிக்கவில்லை. பின்னர் நான் என்னுடைய பெயரில் எழுதியபோதும் அவருடைய சில வசன முடிப்புகள் என் கையில் தங்கிவிட்டன. அவை இப்போது யாருடையவை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

பவானின் நியூபோர்ட் தட்டைக் கேட்கும்போதெல்லாம் இந்த நினைவு எழுகிறது. இன்னொருத்தியின் தொண்டைக்காக எழுதப்பட்ட சொற்களைத் தனது தொண்டையால் பாடுகிறார். ஆனால் ஹேர்பி ஹன்கொக்கின் 'வோட்டர்மெலன் மான்' போன்ற உருப்படிகளும் அதே தட்டில் இருக்கின்றன. ஹன்கொக் அதனை வெளியிட்டதே 1962இல்தான். அங்கே பின்பற்றுவதற்கு ரோஸின் முன்மாதிரி இல்லை. அந்த இடத்தில் அவர் குரல் தளர்ந்து இலகுவாக நடக்கிறது. நான் அவரை முதலில் இனங்கண்டது அங்கேதான்.

1964இல் குழு கலைந்தது. 1966இல் லம்பேர்ட் வீதி விபத்தில் காலமானார். பவான் நியூயோர்க் மேடைகளில் நடிக்கத் தொடங்கினார். ட்ரூமன் கபோட்டி எழுதி ஹரோல்ட் ஆர்லன் இசையமைத்த 'ஹவுஸ் ஒஃப் ஃபிளவர்ஸ்' 1968இல் மீண்டும் மேடையேறியபோது அதன் கதாநாயகி ஒட்டிலி அவரே. 1969இல் 'சல்வேஷன்' என்ற ரொக் இசை நாடகத்தில் நடித்தார். 1972இல் பிரோட்வேயில் 'ஹீதன்!' என்ற இசை நாடகம். அது ஒரேயொரு காட்சியுடன் நின்றுபோனது. மாதக்கணக்கான ஒத்திகை ஒரே இரவில் முடிந்துபோவதென்றால் என்னவென்று நாடகக்காரர்களுக்குத் தெரியும்.

அதே 1972இல் வெளியான 'வெதர் ரிப்போர்ட்' குழுவின் இரண்டாவது இசைத்தட்டில் 'அன்னோன் சோல்ஜர்' என்றொரு ஆக்கம் உண்டு. அடையாளம் தெரியாத போர்வீரன் என்பது பொருள். வியன்னாவில் பிறந்த ஜோ சவினுல் தனது சிறுபராயத்துப் போர் நினைவுகளிலிருந்து அமைத்தது. அதில் ஒலிக்கும் மனிதக் குரல்களுள் ஒன்று பவானுடையது. பத்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மூச்சில் நூறு சொற்களை உதிர்த்தவர் இங்கே ஒரு சொல்லும் இன்றி ஒலிக்கிறார். போரைக் கண்ட ஊரில் பிறந்த எனக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. 1986இல் வெளிவந்த 'பார்ட்டிங் கிளான்ஸஸ்' திரைப்படத்தில் அவர் பெட்டி என்ற மனைவியாக வருகிறார். பெரிய பாத்திரமல்ல. கணவனைப் பற்றித் தான் அறிந்ததை அறியாதவள் போல் விருந்தினரை உபசரிக்கும் பாத்திரம்.

இத்தகைய வாழ்வை "எதிலும் நிலைக்கவில்லை" என்று முடிவு கட்டுவது நம்மிடையே வழக்கம். ஆனால் அனி ரோஸும் பலதும் செய்தவர்தான். பின்னாளில் லண்டனில் இரவு விடுதி நடத்தினார். 1983இல் 'சுப்பர்மான் 3' படத்தில் நடித்தார். 1993இல் ரொபேர்ட் ஓல்ட்மனின் 'ஷோர்ட் கட்ஸ்' படத்தில் ஜாஸ் பாடகியாகவே வேடமேற்றார். 2020இல் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகள் அதனைப் பன்முக ஆற்றல் என்றே போற்றின. முதலாவதாக வந்தவர் பல துறைகளில் புகுந்தால் ஆற்றல், அவரிடத்துக்கு வந்தவர் புகுந்தால் அலைச்சல் என்ற கணக்கு எனக்கு விளங்கவில்லை. ஒரு கலைஞருக்குக் கிடைத்த இடங்களை எண்ணுகிறோமே தவிர, கிடைத்த இடத்தில் அவர் என்ன செய்தார் என்று எண்ணுவதில்லை.

தேடிக் கேட்க விரும்பும் வாசகர்கள் நியூபோர்ட் தட்டிலிருந்து தொடங்கலாம். அடுத்து 'அன்னோன் சோல்ஜர்'. இரண்டையும் ஒரே இருப்பில் கேட்டாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ரோஸின் தட்டுகளை அதற்குப் பிறகு கேளுங்கள்; அவையும் அருமையானவை.