உம்மா கேட்ட ஒரு கேள்வி



போன கிழமை நடந்த ஒரு விசயம். உங்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

என்ட லெப்டொப்பில் விண்டோஸ் 10தான் இருந்தது. அதுக்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டன. லீவு நாள்தானே என்று கடைக்குக் கொண்டுபோனேன். "டீச்சர், புதுசாவே போட்டுத் தாறன், வேகமா ஓடும். ஆனா சி டிரைவ் முழுக்க அழியும். தேவையானத எடுத்துட்டு நாளைக்குக் கொண்டாங்க" என்றார் கடைத் தம்பி.

வீட்டுக்கு வந்து பிக்சர்ஸ் போல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்கில் கொப்பி பண்ணினேன். வேலை முடிந்தது என்று நிம்மதி. இரவு சாப்பிடும்போது உம்மா சும்மா கேட்டா:

"மகள், வாப்பாட படமும் அதுக்குள்ளதானே?"

எங்கட வீடு சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் இருந்தது. வாப்பா வபாத்தாகி இரண்டு வருசத்தில், 2004 டிசம்பர் 26 வந்தது. அலுமாரியோடு அல்பங்களும் போயிற்று. மிஞ்சியது சம்மாந்துறையில் மாமி வீட்டுக் கலியாண அல்பத்தில் இருந்த ஒரே ஒரு படம். நான் கலாசாலையில் படிக்கும்போது தோழி ஒருத்தி அதை ஸ்கேன் பண்ணித் தந்தாள். பிறகு அந்த அல்பமும் ஈரம் பிடித்துப் பழுதாகிவிட்டது.

சோற்றை வைத்துவிட்டு எழும்பினேன். ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் படம் இல்லை. கை நடுங்கியது. லெப்டொப்பில் தேடினேன். டெஸ்க்டொப்பில், பாடக்குறிப்புகளுக்கு நடுவில், 'நியூ போல்டர் 3' என்ற ஒன்றுக்குள் கிடந்தது. டெஸ்க்டொப்பும் சி டிரைவில்தான் இருக்கிறது. காலையில் கொண்டுபோயிருந்தால் அதோடு சரி. அல்ஹம்துலில்லாஹ்.

அந்த இரவு படித்த பாடம் இதுதான்:

படங்கள் பிக்சர்ஸில் மட்டும் இருப்பதில்லை. டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், டொகியுமென்ட்ஸ் எல்லாம் பாருங்கள். சி டிரைவைத் திறந்து, தேடும் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, ஜேபிஜி என்று அடித்தால் அந்த வகைப் படங்கள் வரிசையாக வரும். ஐபோன் படங்களுக்கு ஹெச்ஈஐசி என்றும் தேடுங்கள்.

கட் பண்ண வேண்டாம், கொப்பி மட்டும் பண்ணுங்கள். முடிந்ததும் போல்டரில் ரைட் கிளிக் பண்ணி ப்ரொபர்ட்டீஸில் எத்தனை பைல் என்று இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். நாலைந்தைத் திறந்தும் பாருங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் வைப்பது பாதுகாப்பில்லை. ஹார்ட் டிஸ்க் விழுந்தால் போச்சு. கூகுளில் 15 ஜிபி இலவசம், முக்கியமானதை அங்கேயும் ஏற்றுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த திகதியும் அழிந்துவிடும். அது சேமிப்பு ஆகாது.

பைல்களை அழிக்காமல் விண்டோஸ் 11க்கு மாறும் வழியும் இருக்கிறது. ஆனாலும் முதலில் கொப்பி, பிறகுதான் மாற்றம்.

இப்போது வாப்பாட படம் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்றைப் பிரின்ட் எடுத்து உம்மாட கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கடல் கொண்டுபோனதப் பத்தி ஒண்டும் செய்ய ஏலாது மகள். கையால அழிச்சிடாதே" என்றா.

உங்கட வீட்டிலும் யாரோ ஒருவரின் ஒரே படம் எங்கோ ஒரு 'நியூ போல்டரில்' கிடக்கலாம். இன்றைக்கே தேடிப் பாருங்கள்.